சல்லடை ஒதுக்கிய பற்கள்

அவளைச் சல்லடை என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தவர் மாமனார். மூத்த மருமகளாக அவள் வந்த பிறகு அந்தக் குடும்பம் நாலு வீடு மாறியது. மாமனாருக்கோ ஓடாத மின்விசிறியைக்கூட விட மனசு வராது. வண்டி வாசலில் நிற்கும். இவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, எதை ஏற்றுவது எதை விடுவது என்று ஒரே தடவை சொல்வாள். விட்டதற்காகப் பிறகு யாரும் அழுததில்லை. மாமனார் மட்டும் தம்முடைய சாய்வு நாற்காலிக்காகக் கண்மூடும்வரை குத்திக்காட்டிக்கொண்டிருந்தார்; அது வேறு கதை.

பல்செட்டுப் பட்டறை கொழுந்தனுடையது. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் ஸ்கேனைக் கம்ப்யூட்டரில் வைத்து அவன் பல் வரைவான். புருஷன் பின்னறையில் பிளாஸ்டர் அச்சு வார்ப்பான். முன்னறை சல்லடையுடையது: போன், வருகிறவர்கள், போகிறவர்கள். கம்ப்யூட்டரில் இருப்பதை வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து வைக்கிற பேக்கப் வேலையும் அவளிடமே வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் எடுத்தால் டிஸ்க் நிரம்பி வழியும். ஆகவே எந்த ஃபோல்டர் போக வேண்டும், எது போகக்கூடாது என்று அவள் விதி போட்டிருந்தாள். எடுக்கும்போது வாய் அசைந்து ஆடிப்போன ஸ்கேன்களைத் தள்ளிவைக்கும் 'கழிச்சது' என்ற ஃபோல்டரை பேக்கப்பிலிருந்து முதலில் நீக்கியவள் அவள்தான்.

ஒரு நாள் காலையில் கொழுந்தனின் கம்ப்யூட்டர் பாதி வேலையில் நின்று நின்று எழுந்தது. கம்ப்யூட்டர்காரர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மொத்தமா அழிச்சிட்டுத்தான் மறுபடி ஏத்தணும். பேக்கப் இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா கொஞ்சம் பொறுங்க. அதுலேருந்து ஒண்ணை எடுத்துத் திறந்து பார்த்துடுறேன்" என்றாள் சல்லடை.

"என்ன அண்ணி, உங்க பேக்கப் மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?" என்றான் கொழுந்தன்.

"உப்பு பார்க்காம பரிமாறுவாங்களா தம்பி?"

யாருடையதைத் திறப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. முன்னறை நாற்காலியில் பஸ் ஓட்டுநர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். விரிசல் விட்ட பல்செட்டு கைக்குட்டையில், கை வாயின்மேல். முன்பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் சாய்ந்து நிற்கும் சிரிப்பு அவருக்கு. பிடுங்கும் முன்பே ஸ்கேன் எடுத்து, அதே சாய்வோடு கட்டித் தரச் சொன்னவர். இத்தனை வருஷத்தில் ஈறு வற்றிவிட்டது; பழைய வரைபடம் இனிப் பொருந்தாது. புதிதாக வரைய அந்த ஸ்கேன்தான் வேண்டும்.

சல்லடை டிஸ்க்கைத் தன் சின்னக் கம்ப்யூட்டரில் செருகித் தேடினாள். வரைபடம் இருந்தது. ஸ்கேன் இல்லை.

"தம்பி, இவரோட வாய் ஸ்கேன் எங்கே?"

"பல்லுதான் செஞ்சு கொடுத்தாச்சே. 'கழிச்சது'ல தூக்கிப் போட்டிருப்பேன்."

"ஆடிப்போனதை மட்டும்தானே அங்க போடுவே?"

"அது அப்போ. இப்பல்லாம் முடிஞ்ச வேலையோட ஸ்கேன் எல்லாமே அங்கதான்."

விதி போட்ட நாளில் அது குப்பை. அதற்குள் பொக்கிஷம் குடிவந்ததை யாரும் சொல்லவில்லை, அவளும் எட்டிப் பார்க்கவில்லை.

"ஏம்மா, என் பல்லு போச்சா?" என்றார் ஓட்டுநர் விரலிடுக்கு வழியே.

"போன பல்லு போனதுதாங்க. அதோட படம் இன்னும் உள்ள இருக்கு. போக விடமாட்டேன்."

விதியைத் திருத்த அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை. டிஸ்க்கில்தான் இடமில்லை. புதிது வாங்கலாமென்றால் அன்று கடைத்தெரு முழுக்க விடுமுறை. அவளுடைய கம்ப்யூட்டரிலும் இடமில்லை; ஒரு ஸ்கேன் திறந்தாலே அதற்கு மூச்சு வாங்கும்.

"இன்னொரு தடவை அணைஞ்சா இது எந்திரிக்காது. சீக்கிரம் முடிவு பண்ணுங்க" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

"டிஸ்க்லேருந்து உன் வரைபடத்தையெல்லாம் எடுத்துட்டா இடம் வரும்" என்றாள் சல்லடை.

கொழுந்தன் முகம் சுருங்கியது. "இங்கயும் அழிஞ்சு அங்கயும் போயிடுமே. அத்தனையும் என் கையால வரைஞ்சது அண்ணி."

"அந்தக் கை உன்கிட்டதானே இருக்கு? பிடுங்கின பல்லை எந்த வாய்ல போய் மறுபடி நடுவே?"

பின்னறை வாசலில், மணிக்கட்டுவரை பிளாஸ்டரோடு புருஷன் எட்டிப் பார்த்தான். "டேய், அவகிட்ட வாதாடி ஜெயிச்சவங்க இந்த வீட்ல யாரும் இல்லடா. எடுத்து விடு."

"உனக்கென்ன, உன் அச்சையா தூக்குறாங்க?" என்று கொழுந்தன் சீறினான். சீறிவிட்டு ஓட்டுநரைப் பார்த்தான். அவர் வாயிலிருந்து கையை எடுக்கவேயில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, வரைபட ஃபோல்டரை டிஸ்க்கிலிருந்து தன் கையாலேயே நீக்கினான்.

ஸ்கேன்கள் ஏறின. நடுவில் திரை ஒரு தடவை சிமிட்டியபோது கம்ப்யூட்டர்காரர்கூட எழுந்து நின்றுவிட்டார். ஏறி முடிந்ததும் சல்லடை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்து பார்த்தாள். கடைசியாக ஓட்டுநருடையது. சாய்ந்த முன்பல்லோடு வாய் திரையில் மெல்லச் சுழன்றது.

"அட, நான்தான்" என்றார் அவர். கை தானாக இறங்கிவிட்டது.

"அழிக்கலாமா?" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

சல்லடை கொழுந்தனைப் பார்த்தாள். அவன் எழுந்து கம்ப்யூட்டர்காரருக்கு இடம் விட்டான்.

"அழிங்க" என்றான். பிறகு ஸ்டூலை இழுத்துக்கொண்டு ஓட்டுநர் முன்னால் போய் உட்கார்ந்தான். "வாயைத் திறங்க. ஈறு எவ்வளவு வத்தியிருக்குன்னு பார்ப்போம்."