அம்மாவை வைத்துச் சிரிக்க வைத்தது

என் அம்மா சினிமாவில் குண்டுப் பெண்ணாக நடித்தவர். கதாநாயகியின் அக்கா, பக்கத்து வீட்டுக்காரி, பஸ்ஸில் இரண்டு பேர் இடத்தில் உட்காரும் பெண்மணி. பாத்திரத்துக்குப் பெயர் இருக்காது. இரண்டு காட்சி, அதிகம் போனால் மூன்று. அதில் ஒன்றில் அவர் உட்கார வேண்டும், எழ வேண்டும், அல்லது எதிலாவது மாட்டிக்கொள்ள வேண்டும். அப்பா வழியில் எல்லோரும் மேடைக்காரர்கள். தாத்தா நடத்திய நாடகக் குழுவில் அப்பா காமெடி வேஷம் போட்டார், வசனமும் எழுதினார். திருவல்லிக்கேணியிலிருந்து நடிக்க வந்த அம்மாவை அங்கேதான் கல்யாணம் செய்துகொண்டார். குழு கலைந்து, அப்பாவுக்கு வேலை இல்லாமல் போனபோது, அம்மாவுக்குப் படங்கள் வர ஆரம்பித்தன.

எங்கள் வீடு மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்புறச் சந்தில். என் பள்ளிக்கூடம் நடக்கும் தூரத்தில். ஏழாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்கு அம்மா ஷூட்டிங்கிலிருந்து நேராக வந்துவிட்டார். முகத்தில் மேக்கப் சரியாகக் கலையவில்லை. என் தோழி என் காதருகே, "அது அந்தக் காமெடி ஆன்ட்டிதானே? உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"எங்க பெரியம்மா," என்றேன்.

அம்மா என் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நின்றிருந்தார். அவர் காதில் விழுந்துவிட்டது. அரை நொடிகூடத் தாமதிக்கவில்லை. "ஆமாம்மா, பெரியம்மாதான். இவ அம்மாவுக்கு இன்னைக்கு உடம்பு சரியில்லை," என்று என் தோழியின் கன்னத்தைத் தட்டினார். வீட்டுக்குப் போன பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு அன்று நிம்மதியாகத்தான் இருந்தது. வெட்கம் ரொம்ப வருஷம் கழித்துத்தான் வந்தது.

நான் கல்லூரியில் படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அம்மாவுக்குப் படங்களும் நின்றுவிட்டன. நான் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு, அடையாறில் ஒரு காபிக் கடையின் மாடியில் மைக்கைப் பிடித்து ஜோக் சொல்ல ஆரம்பித்தேன். ஆபீஸ், டிராஃபிக், மாப்பிள்ளை பார்ப்பது என்று எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன். நாற்பது பேர் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் தாங்க முடியாமல், எழுதி வைத்துக்கொள்ளாத ஒன்றைச் சொன்னேன். "எங்க அம்மா யாருன்னு தெரியுமா? அந்தப் பெண் பார்க்கிற சீன்ல நாற்காலியை உடைச்சாங்களே, அவங்கதான். எங்க வீட்டு நாற்காலியெல்லாம் அம்மா வர சத்தம் கேட்டா சாமி கும்பிட ஆரம்பிச்சுடும்."

அரங்கம் குலுங்கியது. அதற்கு முன்னால் அப்படி ஒரு சிரிப்பை நான் வாங்கியதே இல்லை. அம்மாவின் உடம்பை வைத்து யாராவது சிரித்தால் பள்ளிக்கூடக் கழிப்பறையில் போய் நின்றுகொள்கிற பெண் நான். அந்த மாடியில் அது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. அடுத்த வாரம் இன்னும் நாலு வரி சேர்த்தேன். ஒரு வருஷத்தில் அது இருபது நிமிஷமாக வளர்ந்தது. அம்மா ஆட்டோவில் ஏறுவது, அம்மா லிஃப்டில் போவது, அம்மா யோகா கற்பது. யோகாவெல்லாம் அவர் கற்றதே இல்லை. அதன் வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. என்னைக் கல்யாண மண்டபங்களில் அடையாளம் கண்டுபிடித்தார்கள். அம்மா அதைப் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை.

பார்த்திருந்தார். அது எனக்குத் தெரிந்தது தி. நகரில், ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் ஒரு புடவைக் கடையில். முட்டி வலிக்கிறது என்று அம்மா ஒரு ஸ்டூலைப் பார்த்துப் போனார். புடவை மடித்துக்கொண்டிருந்த விற்பனையாளர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம், நீங்கதானே அந்த நாற்காலி அம்மா? உங்க பொண்ணு சொல்வாங்களே."

சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள். ஒரு பெண் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "உக்காருங்கம்மா, அதே மாதிரி ஒரு தடவை உக்காருங்க," என்றாள்.

அம்மா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு ஸ்டூலின் முன்னால் நின்று அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குனிந்து, "உத்தரவு கொடுப்பா," என்று அதனிடம் கேட்டார். பதில் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் காத்திருந்தார். வந்துவிட்டதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, மெல்ல உட்கார்ந்தார். கடையே சிரித்தது. நான் ஒரு வருஷமாகச் சொல்லி வந்ததைவிட அது நன்றாக இருந்தது. எனக்கு முதலில் தோன்றியது அதுதான்: இந்த உத்தரவு கேட்கிற இடத்தை நாமும் சேர்த்துக்கொள்ளலாம்.

திரும்பும்போது ஆட்டோ பனகல் பார்க் சிக்னலில் நின்றது. அம்மா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தப் படத்துல நாற்காலி உடையும்னு எனக்குச் சொல்லலை."

"ஏன்?"

"சொன்னா மூஞ்சியில தெரிஞ்சுடுமாம்."

"அடிபட்டுச்சா?"

"மூணு மாசம் தலைகாணி வெச்சுத்தான் உக்காந்தேன். நீ அப்ப ரெண்டாங்கிளாஸ். அந்தத் தலைகாணியை எடுத்துக்கிட்டு ஓடுவே."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். நான் பிறந்த பிறகு அவர் லேசாகத்தான் பருத்திருந்தாராம். ஒரு டைரக்டர், "நடுவுல நிக்கிறீங்கம்மா, ஒண்ணு இளைங்க, இல்லை நல்லா வெயிட் போடுங்க," என்றாராம். அப்பாவுக்கு வேலை இல்லாத சமயம். அம்மா போட்டார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஏதோ பழைய வீட்டின் முகவரி சொல்வதுபோலச் சொன்னார். என்னால் ஆட்டோவில் உட்கார முடியவில்லை. அடுத்த நிகழ்ச்சியில் அம்மா பகுதியை முழுக்க எடுத்துவிட்டேன். அந்த இருபது நிமிஷம் போனதும் மிச்சம் என்னிடம் எதுவும் இல்லை என்று தெரிந்தது. பின் வரிசையிலிருந்து ஒருவன், "அம்மா மேட்டர் சொல்லுங்க," என்று குரல் கொடுத்தான். சொன்னேன். அந்த உத்தரவு கேட்கிற இடத்தையும் சேர்த்தே சொன்னேன்.

அதற்கப்புறம் ஒரு வெப் சீரிஸ் டைரக்டர் என்னை ஃபோனில் கூப்பிட்டார். என்னைவிடச் சின்னவர். அம்மாவை மறுபடி நடிக்க வைக்க வேண்டும் என்றார். அதே நாற்காலி சீன், இந்தக் காலத்துக்கு ஏற்ற மாதிரி. "உங்களுக்கும் ஒரு நல்ல கேரக்டர் வெச்சிருக்கேன். ஆறு எபிசோடும் வருவீங்க," என்றார். நான் அதுவரை கேமரா முன்னால் நடித்ததில்லை. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் பல முறை மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன்.

அம்மாவிடம் சொன்னபோது, முகத்தை நிமிர்த்தி, "என்ன வேஷம்?" என்று கேட்டார்.

"மாமியார்."

"நாற்காலி உண்டா?"

"தெரியலைம்மா," என்றேன்.

பாலவாக்கத்தில் கடலைப் பார்த்த ஒரு ஷூட்டிங் வீடு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த சீன். நான் கூடத்துக்குள் போனபோது ஆர்ட் டிபார்ட்மெண்ட் ஆள் ஒரு மர நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுப் பின்காலை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். முக்கால்வாசி அறுத்து, வெட்டின இடத்தில் மெழுகு தடவி, மேலே பெயிண்ட் அடித்தார். டைரக்டர் என் பக்கத்தில் வந்து, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. ரியாக்‌ஷன் லைவா கிடைக்கும்," என்றார்.

"அடிபடாதே?"

"பின்னாடி மெத்தை போடறோம்."

தலையாட்டினேன். மெத்தையைப் போட்டார்கள். கேமராமேன் பார்த்துவிட்டு, ஃபிரேமில் தெரிகிறது என்றார். எடுத்துவிட்டார்கள். அதையும் நின்று பார்த்தேன்.

பக்கத்து அறையில் அம்மா மேக்கப் முடிந்து தயாராக இருந்தார். புடவைத் தோளில் பின் குத்தச் சொல்லி முதுகைக் காட்டி நின்றார். நான் குத்தினேன். அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. அவர் ரொம்ப நாள் கழித்து சந்தோஷமாக இருந்தார். தன் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "டைட்டா குத்தாதே, கை தூக்கணும்," என்றார். சொல்வதற்கு எனக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். நான் மடிப்பைச் சரி செய்து, "நீ அழகா இருக்கேம்மா," என்றேன்.

நாற்காலி சரியாக உடைந்தது. அம்மா பின்னால் சாய்ந்து, இடது கையை ஊன்றி விழுந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் அறுபத்திரண்டு வயது அம்மா, முட்டி தேய்ந்தவர், வெறும் தரையில் விழுகிறார், என் வாயிலிருந்து முதலில் வந்தது சிரிப்பு. ஒலிப்பதிவில் அது இருக்கிறது. பிறகு கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

"கட். சூப்பர்ம்மா," என்றார் டைரக்டர்.

அம்மா தரையில் உட்கார்ந்தபடியே, "ஷாட் ஓகேவா?" என்று கேட்டார். ஓகே என்று தெரிந்த பிறகுதான், "கையைத் தூக்க முடியலை," என்றார்.

அடையாறில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வாசலில் புரொடக்‌ஷன் மேனேஜர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாங்கன்னு சொல்லிடு தங்கச்சி. இல்லாங்காட்டி போலீசு, கேசுன்னு இழுத்துக்கினு போவும். உனக்கும் நாளைக்கு ஷூட்டிங் கீது."

டாக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர் நம்பாமல் அம்மாவைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா டாக்டர். சோப்புத் தண்ணி," என்றார்.

மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு. அந்த ஆறு வாரமும் நான்தான் அவருக்குத் தலை பின்னினேன், புடவை கட்டிவிட்டேன். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, பின்னிக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை என்பதால் சொல்ல முடிந்தது.

"நாற்காலி எனக்கு முன்னாடியே தெரியும்மா."

"எப்ப?"

"அறுக்கும்போதே. அதுக்கு முன்னாடியும் தெரியும். டைரக்டர் ஃபோன்லயே சொன்னார்."

நான் சீப்பை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கும் பெயிண்ட் வாசனை வந்தது," என்றார். "சந்தேகமாத்தான் இருந்தது. நீ அங்க நிக்கிறியேன்னு உக்காந்தேன்."

பிறகு, "பின்னி முடி. கழுத்து வலிக்குது," என்றார்.

இதற்குப் பிறகு நான் அந்த வேஷத்தை உதறிவிட்டேன் என்று எழுத ஆசைதான். நடித்தேன். ஆறு எபிசோடும் நடித்தேன். பாதியில் விட்டால் அவர்களுக்குச் சிரமம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சீரிஸ் வந்தபோது அம்மா விழுந்த காட்சியைத்தான் எல்லோரும் வெட்டி வெட்டி அனுப்பினார்கள். சொந்தக்காரர்கள் அம்மாவுக்கே அனுப்பினார்கள். அவர் எல்லோருக்கும் கை கூப்பும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார், அடிபட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கை விரலால்.

ஒரு முறை இதை மேடையில் உள்ளது உள்ளபடி சொல்லிப் பார்த்தேன். ஜோக்காக இல்லாமல், மன்னிப்புக் கேட்பதுபோல. ரம்பம் என்றதும் ஒருவர் சிரித்தார். மெத்தையை எடுத்துவிட்டார்கள் என்றதும் பாதிப் பேர் சிரித்தார்கள். நான் நிறுத்தி, "இது நிஜமா நடந்தது," என்றேன். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர்கள் சிரித்து முடிக்க இடம் விட்டேன். எங்கே எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு நல்ல கைதட்டல். அதற்கப்புறம் அம்மாவைப் பற்றி மேடையில் பேசுவதில்லை. இப்போது அரங்குகள் சின்னதாகிவிட்டன. சில நாள் பாதி காலியாக இருக்கிறது.

அம்மாவின் கை முழுக்கச் சரியாகவில்லை. டப்பா மூடியைத் திறக்க என்னைக் கூப்பிடுகிறார். போன மாதம் ஒரு சனிக்கிழமை, நான் கிளம்பிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"இன்னைக்கு எங்க?"

"தேனாம்பேட்டை."

"நான் உன்னை நேர்ல பார்த்ததே இல்லை. வரட்டுமா?"

அவர் ஏற்கெனவே நல்ல புடவை ஒன்றை எடுத்துக் கட்டிலில் வைத்திருந்ததை நான் கவனித்தேன். அவர் வந்து உட்கார்ந்தால் அடையாளம் கண்டுகொள்வார்கள், திரும்பிப் பார்ப்பார்கள், யாராவது எதையாவது கேட்பார்கள் என்று நினைத்தேன். அது அவருக்காக நினைத்ததா, எனக்காக நினைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை.

"ஏசி ரொம்ப அதிகமா இருக்கும்மா. உனக்கு ஒத்துக்காது," என்றேன்.

"சரி," என்றார். புடவையை மடித்து உள்ளே வைத்துவிட்டு, முருங்கைக் கீரை உருவ உட்கார்ந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன்.