இருபத்தைந்தாவது நாள்

வீட்டில் அவருக்குப் பெயர் மில்லி. ஐந்து நிமிடம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் மூன்று லட்சம் மில்லிசெகண்ட் என்கிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? பெயர் வைத்தது அக்கா. குடிகாரர் போலிருக்கிறது என்று தெரியாதவர்கள் ஒதுங்கிப் போனதும் உண்டு.

முப்பது வருஷமாக புரோகிராம் எழுதிப் பிழைத்தவர். அதில் நான்கு வருஷம், நோயாளிகளின் ரத்தத்தில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்புகளுக்கு எழுதினார். பம்ப் ஓடும் நேரத்தையும் மில்லிசெகண்டில்தான் எண்ண வைத்தார். அந்த எண்ணுக்கு அவர் ஒதுக்கிய இடத்தில் இருநூற்றுப் பதினான்கு கோடி சொச்சம்தான் கொள்ளும். அதாவது இருபத்து நான்கு நாள், இருபது மணி, முப்பத்தொரு நிமிடம். அதைத் தாண்டினால் எண் மைனஸில் போய் விழும். அடுத்த சொட்டுக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று பம்ப் சும்மா இருந்துவிடும். சத்தமும் போடாது. கூட வேலை பார்த்தவர் இதைச் சுட்டிக்காட்டியபோது, "இருபத்தஞ்சு நாள் அணைக்காம யாருங்க ஓட்டப்போறாங்க?" என்று மில்லி அவர் வாயை அடைத்துவிட்டார். சோம்பேறித்தனம்தான், வேறென்ன.

இப்போது அக்கா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறாள். அவள் ரத்த அழுத்தம் விழாமல் பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு மருந்து. வெளியூரிலிருந்து அன்றுதான் வந்து சேர்ந்த மில்லி, கட்டிலருகே இருந்த பம்பைப் பார்த்தார். அதில் அவருடைய பழைய கம்பெனியின் முத்திரை.

"சிஸ்டர், இதை எப்போ போட்டீங்க?"

நர்ஸ் அட்டையைப் புரட்டினாள். "வந்த அன்னிக்கே சார், சாயங்காலம் ஏழு பத்துக்கு. மருந்து தீர்ந்தா அதை மட்டும் மாத்துவோம். மெஷினை ஒரு தடவைகூட அணைக்கலை. இன்னிக்கு சாயங்காலத்தோட இருபத்தஞ்சு நாள் முடியுது."

சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்தொன்பது. மனக்கணக்குப் போட அவருக்கு நேரமே பிடிக்கவில்லை. மூன்று நாற்பத்தொன்று.

"உடனே மாத்துங்க. இன்னும் இருபத்திரண்டு நிமிஷத்துல இது நின்னுடும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இதுக்குப் புரோகிராம் எழுதினது நான்தான்."

நர்ஸ் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு ஓடினாள். டாக்டர் வந்தார், வேறு பம்ப் வந்தது. மூன்று முப்பத்தாறுக்கு மாற்றிவிட்டார்கள். டாக்டர் மற்ற கட்டில்களின் பம்புகளைப் பார்க்கப் போனார். அக்காவின் ரத்த அழுத்தம் இறங்கவில்லை. மில்லிக்கு அழுகை வந்துவிட்டது.

பழைய பம்பை நர்ஸ் அணைக்காமலே மேஜையில் வைத்திருந்தாள். மூன்று நாற்பத்தொன்றுக்கு அதன் மோட்டார் நின்றது. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போன மாசம் ஏழாம் கட்டில்ல ஒரு வாத்தியார் இருந்தார். அன்னிக்கும் பச்சை விளக்கு இப்படித்தான் எரிஞ்சுது. உடம்பு தாங்காம போயிட்டார்னு எழுதிட்டோம்."

அது வாத்தியாருக்கு எத்தனையாவது நாள் என்று மில்லி கேட்கவில்லை.