வாடை மாஸ்டர்

கொதிக்கும் அண்டாவுக்குள் இரும்புச் சங்கிலியைப் போட்டு, மேலே மரப்பட்டையையும் அள்ளிப் போட்டு, நீளக் குச்சியால் கிண்டிக்கொண்டிருக்கிறார் மாஸ்டர். விருந்துக்குச் சமைப்பவருக்குக்கூட இவ்வளவு சிரத்தை இருக்காது. காட்டுப்பன்றிக் கூண்டின் கதவைத் தாங்கும் சங்கிலி அது. மனிதக் கை பட்ட வாடை அதில் துளி மிச்சமிருந்தாலும் பன்றி கிட்டே வராதாம். "பன்னிக்கு மூக்குதான் கண்ணு, காது, மூளை எல்லாம்" என்பார்.

பிழைப்புக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். வேட்டைக்கு அனுமதி கிடைத்த நாளிலிருந்து சோப்பு, பவுடர், பற்பசை மூன்றையும் துறந்துவிடுவார். வெங்காயமும் பூண்டும் விலக்கு. வேட்டைச் சட்டை, மண்ணும் சருகும் நிரப்பிய சாக்கில் தனிக்குடித்தனம் நடத்தும். மழை கொட்டினாலும் அவரிடம் படிப்பவர்கள் கார்க் கண்ணாடி நான்கையும் இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவார்கள். ஒரு பெண்மணி முதல் வகுப்பிலேயே பிரேக் போடுவதை அற்புதமாகக் கற்றுக்கொண்டார்; வண்டியை நிறுத்தினால்தானே இறங்கி ஓட முடியும். 'வாடை மாஸ்டர்' என்ற பட்டம் அவர்கள் கொடுத்ததுதான். "வாடையே இல்லாம இருக்கத்தானேய்யா இந்தப் பாடு படுறேன்! என்னப் போயி இப்படிக் கூப்பிடுறாங்களே" என்று நொந்துகொள்வார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி சலவைக்கடை நடத்துகிறார். மனைவியின் தம்பி வீட்டுக்குப் பின்னால்தான் சலவைக் கொட்டகை. துணி அலசிய தண்ணீர் ஓடிப்போய்த் தம்பியின் சோளக்கொல்லை ஓரத்துப் பள்ளத்தில் தேங்கும். அந்தக் கொல்லையைத்தான் பன்றி பாழாக்கி வந்தது. மாஸ்டர் அங்கே வைத்த கூண்டை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல், மாஸ்டருக்கு மனைவி. "உன் சோப்பு நாத்தம் என்மேல ஒட்டிக்குது. வேட்ட முடியிற வரைக்கும் என் கிட்ட வராத" என்று பாயைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் படுக்கப் போய்விட்டார்.

மனைவிக்கும் ஒருநாள் பொறுமை போயிற்று. "நான் நாறுறேனா? நல்லா இருக்கே நியாயம்! நீங்க அந்தப் பன்னியோடயே குடும்பம் நடத்துங்க. அது சிக்குனா சொல்லி அனுப்புங்க, வர்றேன்" என்று தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். மாஸ்டர் அசையாத மலைபோல் நடித்துப் பார்த்தார். ஆனால் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. அது பூண்டு இல்லாத குறையல்ல என்று அவருக்கே தெரியும்.

ஒரு காலையில் மச்சினனிடமிருந்து ஃபோன். "மாமா, மாட்டிக்கிச்சு! ஓடி வாங்க!"

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொல்லைக்குள் நுழைந்தார். கூண்டுக்குள் பன்றி உறுமிக்கொண்டிருந்தது. "பட்டையோட மகிமையப் பாத்தியா மாப்ள?"

மச்சினன் தலையைச் சொறிந்தான். "அது வந்து மாமா... நேத்து சாயங்காலம் கூண்டுக் கதவு இறங்காம சிக்கிக்கிட்டு நின்னுச்சு. அக்காதான் துணி அலசுன கையோட வந்து, சோப்புத் தண்ணிய ஊத்தி சங்கிலியத் தேச்சுச் சரிபண்ணுச்சு. உள்ள சோளம் போட்டதும் அக்காதான்."

மாஸ்டர் குனிந்து கம்பி அருகே மூக்கைக் கொண்டுபோனார். பன்றியிடமிருந்து சலவை சோப்பு கமகமவென்று மணத்தது. தினமும் அந்தப் பள்ளத்துச் சேற்றில் புரண்டெழுந்துதான் அது சோளம் தின்ன வந்திருக்கிறது. அதற்குச் சோப்பு மணம் சொந்த வீட்டு மணம். மாஸ்டரின் பட்டைக் கஷாயம்தான் ஊர்பேர் தெரியாத வாடை. அந்தக் கொல்லையில் நின்ற உயிர்களில் குளிக்காதவர் அவர் ஒருவர்தான்.

கொட்டகையிலிருந்து மனைவி வந்து நின்றார். கையில் நுரை காயவில்லை. "எட்டியே நில்லுங்க. என் நாத்தம் ஒட்டிக்கப் போகுது."

மாஸ்டர் எட்டி நிற்கவில்லை. மச்சினன் பார்க்கிறானே என்ற கூச்சம்கூட இல்லாமல் அந்த ஈரக் கையைப் பிடித்து மூக்கோடு வைத்து, கண்ணை மூடி, நீளமாக மூச்சை இழுத்தார்.