சீமாட்டியின் காலடியில் நான்கு மகள்கள்

த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலிலிருந்து மல்கிரேவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில், மகளுக்கு டயபர் மாற்ற ஒரு தேவாலயத்தில் காரை நிறுத்துகிறோம். உள்ளே சின்னக் கண்காட்சி நடக்கிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு சீமாட்டியின் கல்லறைத் தகட்டுக்குப் பித்தளை நகல் ஒன்று மேசைமேல் இருக்கிறது. அதன்மேல் தாளை விரித்து மெழுகால் தேய்த்தால் உருவம் எழும்.

தேய்க்கிறேன். கூப்பிய கைகள் வருகின்றன. மேலங்கியில் ஒரு பக்கம் பிறந்த வீட்டுச் சின்னம், மறுபக்கம் புகுந்த வீட்டுச் சின்னம். காலடியில் நான்கு மகள்கள்.

"பிள்ளைங்க மேல ரொம்பப் பாசம் போல," என்கிறேன்.

மேசையைப் பார்த்துக்கொள்ளும் யாழ்ப்பாணத்து அன்ரி சிரிக்கிறார். "என்ன பாசம்! பால் குடுக்கவே வேற ஆள் வச்சிருப்பினம். ஏழு வயசில இன்னொரு பிரபு வீட்டில வளர அனுப்பிப்போடுவினம். செத்தாப்பிறகுதான் எல்லாரும் ஒண்டா நிக்கினம்."

என் கை நின்றுவிடுகிறது. நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். அடுத்த மாதம் மகளை மதுரைக்கு, என் அம்மாவிடம் அனுப்புவதாக முடிவு. இங்கே குடியேறிய எங்களில் பலர் செய்வதுதான்.

"அந்தச் சீமாட்டிக்கு ஏக்கமா இருந்திருக்காதா அன்ரி?"

"அது தகட்டில இல்லையே."

கணவர் வாசலிலிருந்து கேட்கிறார். "டிக்கெட் போட்டுடவா? உங்கம்மா கேக்குறாங்க."

"இன்னிக்கு வேண்டாம். அம்மாவால இங்க வர முடியுமான்னு முதல்ல கேக்கிறேன்."

வருவாரா, விசா கிடைக்குமா, தெரியவில்லை. தாளைச் சுருட்டுகிறேன். மகள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள்.