வாசலில் தொங்கிய சாக்கு

ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்த அறை எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் இருந்தது. அதற்கு முன் அதில் உடைந்த ஸ்ட்ரெச்சர்களைப் போட்டு வைத்திருந்தார்கள். மனம் சரியில்லாதவர்களோடு பேசிக் குணப்படுத்தும் வேலையைப் பெங்களூரில் படித்துவிட்டு, நான் பிறந்த தங்கவயலுக்கே அறுபதுகளில் திரும்பியிருந்தேன். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், டாக்டரம்மா என்றால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

ஒரு நாள் காலையில் ஒருவர் வந்தார். சுரங்கத்துக்குள் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்துகிற வேலை. நைட் ஷிப்ட் முடிந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தூக்கம் வரவில்லை என்றார். யார் வந்தாலும் முதலில் சொல்வதை அவரிடமும் சொன்னேன். இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது. ஆனால் ஒரு குழந்தைக்குக் கெடுதல் வரும் என்று பட்டால் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. பாதிப் பேர் இதைக் காதில் வாங்குவதே இல்லை. இவர் வாங்கினார்.

"அப்போ சொல்லத்தாம்மா வேணும்" என்றார்.

மனைவியின் அக்கா செத்துப்போனதும், அவள் மகளை இவர்கள்தான் வளர்த்து வந்தார்கள். மூன்றாவது படிக்கிற பெண். அந்தப் பெண்ணைப் பற்றி வரக்கூடாத நினைப்பெல்லாம் தனக்கு வருகிறது என்றார். சொல்லும்போது தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது.

போகவில்லை. முகம் சுளித்தால் அவர் எழுந்துபோய்விடுவார், அந்தப் பெண் அதே வீட்டில்தான் இருப்பாள். நினைப்பு வேறு, செய்கை வேறு என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நினைப்பு வந்ததா என்பதைவிட, அது வழி தேட ஆரம்பித்துவிட்டதா என்பதுதான் கேள்வி. அதனால் ஒவ்வொன்றாகக் கேட்டேன். தொட்டதுண்டா? குடிப்பதுண்டா? யாருக்கும் சொல்லாதே என்று அவளிடம் எதையாவது சொன்னதுண்டா?

"கை வெச்சதில்லமா. சாமி சத்தியமா" என்றார். பாதிதான் நம்பினேன்.

"இது வராம இருக்க நீங்க இன்னா பண்ணீங்க?" என்று கேட்டேன்.

அதற்கு மட்டும் நிமிர்ந்து பார்த்துப் பதில் சொன்னார். "லைன் வூட்ல ஒரே ரூமுமா. ராத்திரில அது பக்கத்துல படுத்துகினு கீது. அதான் ஷிப்ட மாத்திகினேன். மத்தவங்க நைட்ட எல்லாம் நானே வாங்கிக்கிறேன்."

நைட் ஷிப்டிலிருந்து தப்பிக்க ஆட்கள் மேஸ்திரியின் காலில் விழுகிற ஊர் இது. இவர் கேட்டு வாங்கியிருக்கிறார். மனுஷன் எவ்வளவு போராடுகிறார் என்று ஒரு நிமிஷம் மனசு இளகியது.

அப்புறம்தான் எங்கள் லைன், கம்பெனி கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீட்டு வரிசை, ஞாபகம் வந்தது. நானும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவள்தான். என் அப்பா நைட் ஷிப்ட் போகிற வாரமெல்லாம், வெளிச்சம் வராமலிருக்க அம்மா காலையில் வாசல் கதவுக்கு மேல் சாக்கைத் தொங்கவிடுவாள். எந்த லைனிலும் சாக்கு தொங்கினால் உள்ளே நைட் ஷிப்ட் ஆள் தூங்குகிறான் என்று அர்த்தம். அந்த வாசலில் பிள்ளைகள் விளையாடக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரி தீக்குச்சிக்குக்கூடக் கதவைத் தட்டமாட்டாள். உள்ளே என்ன சத்தம் கேட்டாலும் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

"பகல்ல வூட்ல யாரு?" என்று கேட்டேன்.

"அவ பஜார்ல ஒரு வூட்டு வேலைக்குப் போறா. சாயந்திரம்தான் வருவா."

"பொண்ணு மதியம் எங்க சாப்பிடுது?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ வாளியை உருட்டிக்கொண்டு போனார்கள். "வூட்டுக்குத்தான் வரணும்" என்றார் கடைசியில்.

"ஷிப்ட் கேக்கும்போதே இது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் அழ ஆரம்பித்தார். தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை. நான் முடிவு செய்ய அது போதும். இனி அந்தப் பெண் அவரோடு ஒரு கூரையின் கீழ் இருக்கக்கூடாது. மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்று கும்பிட்டார். "வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே சொன்னேன் இல்ல" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாக இருந்தது. தானாக வந்து சொன்ன மனிதர் என்பதும் உறுத்தியது. அவரை வார்டில் சேர்க்கச் செய்துவிட்டு, பள்ளிக்கூடம் மதியம் விடுவதற்குள் அவர் மனைவி வேலை செய்யும் வீட்டைத் தேடிப் பஜாருக்கு ஓடினேன்.

அவள் ஈரக்கையோடு பின்கட்டிலிருந்து வந்தாள். எவ்வளவு பதமாகச் சொன்னாலும் பதமாகச் சொல்லக்கூடிய விஷயமா அது? அவள் என்மேல் பாய்வாள், நல்ல மனுஷன்மேல் பழி போடுகிறாயா என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அவரு நைட் போக ஆரம்பிச்சதிலேர்ந்து அது மதியானம் சோறு துன்ன வரமாட்டேங்குதும்மா" என்றாள். "பசிக்கலன்னுது. பள்ளிக்கூடத்திலயே குந்திகினு கீது. ஆக்கி வெச்ச சோறு வீணாப் போவுதேன்னு நேத்து வெளக்கமாத்தால அடிச்சேன். இன்னிக்கு மட்டும் வூட்டுக்கு வரல, தோல உரிச்சிடுவேன்னு சொல்லி அனுப்பினேன்."

நான் அவள் புருஷனிடம் அத்தனை கேள்வி கேட்டிருந்தேன். அந்தப் பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

இரண்டு பேரும் ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். மணி அடித்து மற்ற பிள்ளைகள் கலைந்து போயிருந்தார்கள். அவள் குழாயடியில் நின்று வயிறு நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே விளக்குமாற்று அடி வரிவரியாகத் தடித்துத் தெரிந்தது. சித்தியைப் பார்த்ததும் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"போறேன் சித்தி, அடிக்காத" என்றாள்.

சித்தி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்தப் பெண் அணைப்புக்குள்ளிருந்து தலையை மட்டும் வெளியே எடுத்து, யாரென்றே தெரியாத என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"எங்க வூட்டு வாசல்ல சாக்க எடுத்துட்டாங்களா?"