ஒரு மணி பத்து நிமிடத் தொலைவில் அண்ணன்

இன்று எங்கள் ஊர் கே.கே. நகர் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன்.

சென்னையில் இருக்கும் அண்ணன் நேற்றே போனில் உத்தரவு போட்டான். "நான் வராம எதுலயும் கையெழுத்துப் போட்றாத. நானூத்துச் சொச்சம் கிலோமீட்டர்தேன். ஃபிளைட்ல ஒரு மணி பத்து நிமிஷம்."

காலையில் டாக்டர் படிவத்தோடு வந்து நின்றார். அண்ணனை அழைத்தேன்.

"மீட்டிங்ல இருக்கேன். சாயங்கால ஃபிளைட்ல வாரேன். டாக்டரை வெயிட் பண்ணச் சொல்லு."

"வலியில கெடக்குறது உன் மேனேஜர் இல்லண்ணே" என்று போனை வைத்துவிட்டு நானே கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் அவன் வீடியோ காலில் வந்தான், சென்னை வீட்டு சோபாவில் சாய்ந்தபடி. "நாளைக்குக் கண்டிப்பா வாரேம்ப்பா."

அப்பா சொன்னார்: "வேணாம்டா. நீ மீட்டிங்கைப் பாரு. இங்க என் மக இருக்கா."

டிக்கெட்டே எடுக்காத இப்படியொரு விமானப் பயணி உங்கள் வீட்டிலும் உண்டா?