நான் அழித்த வரி

பள்ளியில் டீச்சரான எனக்கு ஒழுங்குப் பைத்தியம். மேசையில் பேனாகூட நேராகக் கிடக்க வேண்டும். அதனால்தான், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் ஆபத்தானவற்றை மழைக்கு முன் பட்டியல் போடும் வேலையை எங்கள் தேவாலயக் குழு என் தலையில் கட்டியது. பதுளையில் வீட்டில் இருந்தபடியே இணையத்தில் ஓர் அட்டவணை திறந்து, தோட்டத்துக்கு ஒருவர் என்று ஆறு பேருக்கு அனுப்பினேன். லயத்துக்கு ஒரு வரி. சுவரில் வெடிப்பு உண்டா, கூரைத் தகரம் சரியா. அவ்வளவுதான்.

ஒரு தோட்டத்திலிருந்து எழுதியவர், பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. ‘மூணாவது வீட்டு ஆத்தா படுத்த படுக்கை, தூக்க ரெண்டு ஆள் வேணும்’ என்று கட்டத்துக்குள் திணித்திருந்தார். அழித்தேன். இரண்டு நாளில் திரும்ப எழுதியிருந்தார். மறுபடியும் அழித்தேன். மூன்றாம் முறை எனக்குக் கோபம் தலைக்கேறியது. ‘எத்தனை தடவை சொல்வது? பட்டியலைக் குழப்பாதீர்கள்’ என்று ஆறு பேரும் பார்க்கும்படி ஓரத்தில் எழுதி, அவர் இனி பார்க்க மட்டும் முடியும்படி பூட்டிவிட்டேன். உண்மையில் அதற்கு முன் ஒரு தடவைகூட நான் அவரிடம் எதுவும் சொன்னதில்லை.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை காலை அக்கா பஸ் ஏறி வந்து என் வாசலில் நின்றார். சேலையில் முழங்கால்வரை சேறு. பிளாஸ்டிக் உறையில் சுற்றிய கொப்பித் தாளை எடுத்து நீட்டினார்.

“டீச்சர், எழுதுறதெல்லாம் போயிடுது. தண்ணி டேங்கு மேட்டுல ஏறினாத்தான் எங்களுக்கு சிக்னல் வரும். ஏறி எறங்கி மூணு வாட்டி எழுதினேன். குழப்பாதீங்கன்னு போட்டிருந்தீங்க. நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல. மன்னிச்சுக்கங்க.”

தாளில் நடக்க முடியாத ஒன்பது பேரின் பெயர்கள் இருந்தன. என் அட்டவணையில் கூரைத் தகரத்துக்குக்கூட ஒரு கட்டம் உண்டு, இவர்களுக்கு இல்லை.

அழித்தது நான், பூட்டியதும் நான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“பரவாயில்ல அக்கா, இனிமே பாத்து அமுக்குங்க” என்றேன்.

அவர் சரியென்று தலையாட்டினார். அவர் போனதும் பூட்டைத் திறந்தேன், ஒன்பது பெயரையும் சேர்த்தேன், ஓரத்தில் எழுதியதை அழித்தேன். ஆனாலும் அவரை அழைத்து உண்மையைச் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் அக்கா ஒரு வரி எழுதுமுன் அந்த மேட்டில் நின்று எனக்கு அழைப்பு எடுக்கிறார்.

“டீச்சர், இதத் தொட்டா ஒண்ணும் ஆகாதே?”

ஒன்றும் ஆகாது என்கிறேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியதை இன்றுவரை சொல்லவில்லை.